மறிச்சுக்கட்டிக்கு ஒரு பொதி

தையல் இயந்திரத்தின் அடிப்பாகத்தில், நூல் சுற்றிய பொபினைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, வெளியே தெரியாமல் கிடந்து உழைக்கும் உருக்குச் சிமிழுக்குப் பொபின் கேஸ் என்று பெயர். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அடங்கிவிடுகிற அந்தச் சிமிழ், மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலே, வில்பத்துக் காட்டை ஒட்டிக் கடலோரமாகக் கிடக்கும் மறிச்சுக்கட்டியில், நான் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஒரு வீட்டில், பாடசாலை திறக்க இரண்டு வாரமே இருக்கிற சமயம் பார்த்து உடைந்துபோயிற்று. ஊர்ப்பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள் பாதி தைத்தும் பாதி வெட்டியும் பாயில் பரந்து கிடந்தன. முன்னொரு காலமாயிருந்தால் அந்த வீட்டுப் பெண்மணி மன்னாருக்குப் போகிற யாரிடமாவது சொல்லியனுப்பியிருப்பார். இப்போதோ, பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் கைத்தொலைபேசியை எடுத்து, படம் பார்த்து, விலை பார்த்து, நான் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள், "ஓடர் போட்டாச்சு உம்மா" என்று சொல்லிவிட்டாள். சாமானின் விலை 380 ரூபா. அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி 450 ரூபா. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் வேடிக்கைக்காகச் சொல்லிவைக்கவில்லை என்பது அன்று எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு கோல் வந்தது. "நானா, மறிச்சுக்கட்டிக்கு இண்டைக்கு வர ஏலாது. சிலாவத்துறைச் சந்தியில நிக்கிறன். வந்தா தந்திருவன்" என்றது ஓர் இளங்குரல். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்தார். போய்வந்த பெற்றோல் செலவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்த்தேன். பெட்டியைப் பிரித்தால், மூன்று சுற்று ஒட்டுநாடாவுக்கும் ஒரு முழம் குமிழித்தாளுக்கும் உள்ளே பளபளவென்று ஒரு பொபின் கேஸ் இருந்தது. ஆனால் அது வேறொரு ஜாதி இயந்திரத்துக்கு உரியது. கொக்கி ஒரு நூலிழை அளவு தள்ளியிருந்தது. திருப்பி அனுப்பலாமென்று விற்றவர்கள் மிகுந்த மரியாதையோடு அறிவித்தார்கள். திருப்பி அனுப்பும் கூலி யாருடையது என்பதைப் பற்றி மட்டும் அவர்கள் மௌனம் சாதித்தார்கள். கடைசியில், முருங்கனிலுள்ள ஒரு திருத்துக்காரரிடமிருந்து பழைய சிமிழ் ஒன்று பஸ்ஸில் வந்து சேர்ந்து, சீருடைகள் தைக்கப்பட்டன.

இது ஓர் அற்ப விஷயம்தான். ஆயினும், இந்த அற்ப விஷயத்துக்குள்ளே, இணையத்தில் சாமான் வாங்குகிற கிராமத்தார் எவருக்கும் தினந்தோறும் எழுகிற இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இத்தனை கூலி ஏன்? அத்தனையும் கொடுத்த பிறகும் சாமான் ஒழுங்காக வந்து சேரும் என்ற நிச்சயம் ஏன் இல்லை? தூரந்தான் காரணம் என்று நாமெல்லாரும் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பிழையென்று சொல்வதற்கு, இந்த மறிச்சுக்கட்டியையன்றி வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஏனெனில், இதே மணற்பரப்பில் ஒரு காலத்தில் தபாலும் தந்தியும் தாமாகவே தேடி வந்து குடியிருந்தன. 1904ஆம் ஆண்டையொட்டிய சில வருஷங்களில், மாசி பங்குனி மாதங்களில், மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்புக்கு மறிச்சுக்கட்டியே தலைமைப் பாளையமாக இருந்தது. காடும் மணலும் தவிர வேறொன்றுமில்லாத கரையில், கிடுகும் கம்பும் கொண்டு ஒரு நகரம் சில வாரங்களில் முளைத்தது. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் முத்துச் சலாபத்துறைகளைக் கண்டு பழகிய குளியாளர் வந்தனர். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியர் வந்தனர். பம்பாய் வியாபாரிகளும் செட்டிமாரும் பணப்பையோடு வந்தனர். இவர்கள் அனைவருக்கும் சோறு விற்பவரும் தண்ணீர் சுமப்பவரும் சூதாடுபவரும் களவெடுப்பவரும் பின்தொடர்ந்தனர். ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில் ஜனங்கள் கூடிய அந்த ஓலை நகரத்தில் கச்சேரியும் நீதிமன்றமும் ஆஸ்பத்திரியும் பொலிசும் இருந்தது போலவே, தபால் தந்திக் கந்தோரும் இருந்தது. 1905ஆம் வருஷத்துக் குளிப்பில் மாத்திரம் எட்டுக் கோடிச் சிப்பிகள் கரையேறி, அரசாங்கத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபா வருமானம் கிடைத்ததென்றால், அந்தக் கந்தோர் ஏன் வந்தது என்று நாம் ஆராயவேண்டியதில்லை. அடுத்த வருஷம் சிப்பிகளைக் குவிக்கும் கொட்டுக்களை மேற்பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர்களுள் ஒருவர்தான், பிற்காலத்தில் நாவலாசிரியராகவும் அரசியல் எழுத்தாளராகவும் பெயரெடுத்த லெனார்ட் வூல்ஃப். அழுகும் சிப்பியின் நாற்றத்தை அவர் வயோதிகத்திலும் மறக்கவில்லை.

பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. 1906இல் அரசாங்கம் முத்துப்படுகைகளை இருபது வருஷத்துக்கு ஓர் ஆங்கிலக் கொம்பனிக்கு, வருஷம் 310,000 ரூபா குத்தகைக்கு விட்டது. படுகைகள் மலடாயின, சில வருஷங்களிலேயே கொம்பனி கலைந்தது. ஓலை நகரம் மணலாயிற்று. தபாற்கந்தோரும் போயிற்று. கொழும்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையேயுள்ள தூரம் ஓர் அங்குலமும் கூடவில்லை என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தபாலுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல என்ற உண்மையை முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் ரோலண்ட் ஹில். லண்டனிலிருந்து எடின்பரோ வரைக்கும் ஒரு கடிதத்தைக் கொண்டுசெல்வதற்கு ஆகும் செலவு ஒரு பென்னியின் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று அவர் கண்டார். வண்டி எப்படியும் போகிறது. பையில் ஆயிரம் கடிதம் இருந்தால் ஒவ்வொரு கடிதமும் சுமக்கும் வழிச்செலவு தூசி. எங்கே செலவு விழுகிறதென்றால், தூரத்துக்குத் தக்கபடி கூலியைக் கணக்கிட்டு எழுதுவதிலும், பெறுநரிடம் நின்று காசு வசூலிப்பதிலும்தான். ஆகவே, எங்கே அனுப்பினாலும் ஒரே கட்டணம், அதுவும் முன்கூட்டியே முத்திரையாகச் செலுத்தவேண்டும் என்ற ஏற்பாடு 1840இல் அங்கே வந்தது. இந்தியாவில் 1854இல் அரை அணாத் தபாலாக அது வந்தது. இலங்கையில் 1857இல் முதல் தபால்முத்திரை வெளியாயிற்று. பட்டணத்துச் செட்டியாரின் கடிதமும் பட்டிக்காட்டுக் குடியானவனின் கடிதமும் ஒரே விலை என்ற அந்தத் தர்மத்தில் ஓர் ஒளிவு இருந்தது. பட்டணத்துக் கடிதங்களால் மிஞ்சுகிற இலாபம், கிராமத்துக் கடிதங்களால் வரும் நட்டத்தை ஓசையின்றி அடைத்துக்கொண்டிருந்தது.

பொதி விஷயத்தில் இந்தக் கணக்கு வேறுவிதமாகத் திரும்புகிறது. கொழும்பிலிருந்து புறப்படும் கூரியர் லொறி, அனுராதபுரம் வந்து, மதவாச்சியில் மேற்கே திரும்பி, மன்னார் மாவட்டத்துக்குள் வந்து சேரும் வரைக்கும், ரோலண்ட் ஹில் சொன்னதே நடக்கிறது. நூற்றுக்கணக்கான பொதிகள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு சவாரி செய்கின்றன, ஒவ்வொன்றின் பங்குச் செலவும் சொற்பம். அதற்குப் பிறகுதான் சங்கடம். மன்னார் நகரத்தின் ஒரே தெருவில் பத்துப் பொதி கொடுக்கிற பையன், தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று இறங்க இறங்க, அவன் பின்னாலிருக்கும் பையில் பொதிகள் குறைந்துகொண்டே போய், கடைசியில், மறிச்சுக்கட்டிக்கென்று ஒரேயொரு பொபின் கேஸ் மிஞ்சுகிறது. அந்த ஒன்றுக்காக அவன் கொண்டச்சியையும் தாண்டி வண்டியோட்ட வேண்டும். வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அநேக இடங்களில் இந்தப் பையன்களுக்குச் சம்பளமில்லை, பொதி ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு, பெற்றோல் அவர்களுடையது. சந்தியிலே நின்று "வாங்க நானா" என்று கூப்பிட்ட அந்த இளங்குரலை நான் அதற்குப் பிறகு குற்றம் சொல்வதில்லை. ஆகவே என் அபிப்பிராயம் இது: பொதிக்குப் பாரம் தூரமன்று, தனிமை. ஓலை நகரத்தில் கடிதங்கள் கூட்டமாக வந்தன. இன்று பொபின் கேஸ் தனியாக வருகிறது.

இதனோடு இன்னொரு சூட்சுமமும் சேர்கிறது. தலையணை வாங்கிய ஒருவர், அரைக் கிலோச் சாமானுக்கு ஏழு கிலோக் கூலி கேட்டுவிட்டார்கள் என்று என்னிடம் கோபித்தார். கூரியர்க்காரர் தராசை மட்டும் நம்புவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்றிமீற்றரில் பெருக்கி, 5,000ஆல் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோவாகப் பாவித்து, அதிலும் தராசு காட்டும் நிறையிலும் எது அதிகமோ அதற்கே காசு கேட்பது உலகெங்கும் கூரியர் வழக்கமாகிவிட்டது. நாற்பதுக்கு முப்பதுக்கு முப்பது என்ற பெட்டி, உள்ளே பஞ்சே இருந்தாலும், 7.2 கிலோ. லொறியில் இடம் நிரம்பிவிட்டால் பஞ்சும் இரும்பும் ஒன்றுதானே என்பது அவர்கள் வாதம். நியாயந்தான், ஆனால் அந்த நியாயத்தைப் பெட்டியின்மேல் எழுதிவைத்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

தபால் திணைக்களத்தின் நிலைமை இதற்கு எதிர்மாறானது. நாடெங்கும் 650 அளவான பிரதான தபாலகங்களும், 3,400 அளவான உப தபாலகங்களும் அதற்கு உண்டு. எந்தக் கூரியர்க் கொம்பனியும் கனவிலும் காணமுடியாத வலை அது. கட்டணமும் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆனால் அந்த வலையைத் தாங்கிநின்ற தூண், கடிதம். கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர். 2022இல் நாடு பணமின்றித் தத்தளித்தபோது, ஆறு மாதத்துக்கு முன் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் 470 ரூபாவாயிற்று. அந்த வருஷம் ஆகஸ்ட் 15ஆம் திகதி, சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 15 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 50 ரூபாவாயிற்று. 2025 ஆகஸ்ட்டில், மேலதிக நேரக் கொடுப்பனவும் விரலடையாள இயந்திரமும் காரணமாகத் தபால் ஊழியர் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, நகரத்தவர் பலருக்கு அது பத்திரிகைச் செய்தியாக மட்டுமே தெரிந்தது. தபாலில் மாதாந்த மருந்து வருவித்துக்கொள்ளும் கிராமத்து நோயாளிக்கு அப்படியன்று.

தனியார் சுமப்பவர்கள் இலாபமுள்ள தெருக்களை வைத்துக்கொண்டு, இலாபமற்ற கிராமங்களை அரசாங்கத்துக்கு விட்டுவிடுவது புதிய வழக்கமும் அல்ல. அமெரிக்காவில், மொண்ட்கொமரி வார்ட் என்பவர் 1872இல் விலைப்பட்டியல் அச்சிட்டுத் தபாலில் வியாபாரம் தொடங்கியபோது, பெரிய பொதிகளைக் கொண்டுசெல்லும் தொழில் சில தனியார் எக்ஸ்பிரஸ் கொம்பனிகளின் கையில் இருந்தது. புகையிரத நிலையத்துக்கு அப்பால் குடியானவனின் வீடுவரை வர அவர்களுக்கு மனமில்லை. அங்கே தபால் இலாகாவே பொதிச் சேவையைத் தொடங்கியது 1913 ஜனவரி முதலாம் திகதி. அதற்குக் குடியானவர்கள் பல வருஷம் சட்டசபையில் போராட வேண்டியிருந்தது.

நம் தமிழ் வாசகர்களுக்கு இதற்கெல்லாம் அமெரிக்காவரை போகவேண்டிய அவசியமுமில்லை. பொருளைப் பார்க்காமல் வாங்குவது, வந்தபின் காசு கொடுப்பது என்ற இன்றைய 'சி.ஓ.டி.' ஏற்பாட்டை, நம் பாட்டன்மார் வி.பி.பி. என்ற மூன்றெழுத்தில் அறிந்திருந்தார்கள். 1877 முதல் இந்தியத் தபாலில் அது நடந்துவந்தது. தபால்காரர் பொதியைக் கொடுத்துப் பணத்தை வாங்கி, அதை மணியோடராக அனுப்பியவருக்கே சேர்ப்பிப்பார். சென்னையிலிருந்து கைக்கடிகாரமும் கூந்தல் தைலமும் துப்பறியும் நாவலும் வி.பி.பி. மூலம் ஊரூராகப் போயின. ஆனந்த விகடனை 1928இல் விலைக்கு வாங்கிப் பெரும் பத்திரிகையாக்கிய எஸ். எஸ். வாசன், அதற்கு முன் தபால்வழி வியாபாரமும் விளம்பரத் தொழிலும் நடத்தியவரே. பெட்டியைத் திறந்தால் செங்கல் இருந்தது என்ற கதையும் அக்காலத்ததே. இன்று பெட்டியைத் திறக்கும்போது பக்கத்திலே ஒருவர் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறார். அன்று தபால்காரரே சாட்சியாக நின்றார். அவ்வளவுதான் பேதம்.

அந்தச் சென்னைக்கும் இந்த மன்னாருக்கும் இருந்த தபாலுறவை நினைத்தால் மனம் சற்றுக் கனக்கிறது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபோது, 'போட் மெயில்' என்ற பெயரே தபாலிலிருந்து வந்தது. சென்னையில் ரயிலேறிய கடிதமூட்டை, முப்பது கிலோமீற்றர் அளவான கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்புக்குப் போயிற்று. மன்னார், இலங்கைத் தபாலின் தலைவாசலாயிருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. தலைமன்னார் ரயில்பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது, கடல்வழி திறக்கவில்லை. ஆகையால், சென்னையில் ஒரு புத்தகம் வாங்குகிற மன்னார் வாசகர், தலைவாசலுக்கு எதிரே நிற்கும் அந்தப் புத்தகத்தை, விமானத்தில் கட்டுநாயக்காவுக்கு அழைத்து, கொழும்பில் சுங்கம் பார்த்து, மதவாச்சி சுற்றி, கொல்லைப்புறமாக வீட்டுக்குள் கொண்டுவரவேண்டியிருக்கிறது. புத்தகத்தின் விலையைத் தபாற்செலவு விழுங்குகிறது. இந்தியாவிலேயும், பதிவு செய்த புத்தகப் பொதிக்கு இருந்த பழைய சலுகைக் கட்டணத்தை 2024 டிசம்பரில் நிறுத்தி, சிறு பதிப்பாளர்களும் வாசகர்களும் முறையிட்ட பிறகு, 2025 மே மாதத்தில் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் வேறொரு சலுகையைத் தொடங்கினார்கள். ஆனால் அது கடல் கடப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவே, சீனாவிலிருந்து ஒரு கைத்தொலைபேசி உறை, பொபின் கேஸைவிட மலிவாக வந்து சேர்ந்த விந்தையை அநேகர் கேட்டிருப்பார்கள். அதன் இரகசியம் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் பழைய ஏட்டில் இருக்கிறது. 1874இல் அந்த ஒன்றியம் ஏற்பட்டபோது, அனுப்பும் நாடு முத்திரைக் காசை வைத்துக்கொள்ளட்டும், பெறும் நாடு இலவசமாக விநியோகிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு பதில் வரும், கணக்கு நேராகிவிடும் என்ற நல்லெண்ணம். கடிதத்துக்கு அது சரி. கைத்தொலைபேசி உறைக்கு யார் பதில் எழுதுகிறார்கள்? ஒருபக்கமாகச் சுமை ஏறிய நாடுகள் முறையிட, பெறும் நாட்டுக்கு ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் 1969இல் வந்தது. அத்தொகையும் வளரும் நாடுகளுக்கு மிகக் குறைவாக இருந்தபடியால், சீனாவின் சிறுபொதிகள் பெருவெள்ளமாயின. அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே விலகுவேனென்று மிரட்டி, 2019 செப்டெம்பரில் ஜெனீவாவில் கூடிய விசேஷ மகாநாட்டில், தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் உரிமையைப் பெற்றது. 2025 ஆகஸ்ட்டில், 800 டொலர் வரையான பொதிகளுக்கிருந்த தீர்வை விலக்கையும் அது எல்லா நாடுகளுக்கும் நீக்கிவிட, இந்தியா உட்படப் பல நாடுகளின் தபால் இலாகாக்கள் அங்கே சாமான் அனுப்புவதைச் சில காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. நம் ஊர்ப் பெண்மணிகள் அங்குள்ள உறவினருக்கு அனுப்பும் மிளகாய்த்தூளும் கருவாடும், வல்லரசுகளின் வர்த்தகச் சண்டையில் சிக்கிக்கொண்டன என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அதுதான் உண்மை.

செலவைப் பற்றி இவ்வளவு போதும். நம்பகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது வேறு, அது முகவரியில் தொடங்குகிறது.

மறிச்சுக்கட்டிக்கு எது முகவரி? இணையத்துப் படிவம் வீட்டிலக்கம் கேட்கிறது. வேலிக்குள் நிற்கும் வீட்டுக்கு இலக்கம் இல்லை, பள்ளிவாசலுக்குக் கிழக்கே மூன்றாவது என்பதே இலக்கம். தெருப்பெயர் கேட்கிறது, பெயரில்லை. நகரத்தைப் பட்டியலிலிருந்து பொறுக்கச் சொல்கிறது. பட்டியலில் மன்னார் இருக்கிறது, அதிர்ஷ்டமிருந்தால் சிலாவத்துறை இருக்கிறது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர், ஒற்றெழுத்துக்களைத் தத்தம் மனம்போலக் கூட்டியும் குறைத்தும் எழுதுவதால், அதே ஊர் கணினியின் கண்ணுக்கு நான்கு ஊராகத் தெரிகிறது. தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் வாசிக்கப்படும் ஒரு முகவரி, மூன்று வாய்க்கால்களில் ஓடி வருகிற தண்ணீர்போல, வயலுக்கு வரும்போது பாதியாகிவிடுகிறது.

இதற்கு மேலே சரித்திரம் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி மக்களும் உடுத்த உடையோடு புத்தளம் பக்கம் போனார்கள். ஏறத்தாழ இருபது வருஷம் அவர்களுடைய கடிதங்கள் எல்லாம் புத்தளத்து முகாம் முகவரிக்கே வந்தன. 2009இல் யுத்தம் முடிந்து திரும்பியபோது, காணிகளில் காடு வளர்ந்திருந்தது. காடா காணியா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அதனால் ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஊர், இரண்டு வீடு, இரண்டு முகவரி. அடையாள அட்டையில் ஒன்று, கூரியர் செயலியில் மற்றொன்று. பொதி புத்தளத்துக்குப் போய் நிற்கும். ஆள் மறிச்சுக்கட்டியில் இருப்பார். வில்பத்து ஊடாக எலுவன்குளத்துக்கு ஒரு பழைய வழி உண்டு. அந்த வழியாகப் புத்தளம் மிக அண்மை. ஆனால் வனவிலங்குகளின் பொருட்டு அவ்வழி நீதிமன்றம்வரை சென்று அடைபட்ட கதை நாடறிந்தது. அனுராதபுரம் சுற்றிப்போனால் அதன் இரண்டு மூன்று மடங்கு. யானையின் பக்கமும் நியாயமிருக்கிறது, பொதியின் பக்கமும் நியாயமிருக்கிறது. இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைக்கத்தான் ஆளில்லை. மாரியில் அருவியாறு பெருகி அரிப்புப் பக்கத்து வெள்ளம் வீதியைத் தொட்டுவிட்டால், பிறகு யாரையும் யாரும் கேட்பதற்கில்லை.

முகவரிக் குழப்பத்தை வேறு சிலர் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். "உங்கள் பொதி முகவரி சரியில்லாமல் நிற்கிறது; இந்த இணைப்பில் போய்ச் சிறுதொகை கட்டுங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரால் குறுஞ்செய்தி வருகிறது. திணைக்களமே அவை பொய்யென்று எச்சரித்திருக்கிறது. ஆனாலும், உண்மையிலேயே பொதிக்குக் காத்திருப்பவர், உண்மையிலேயே முகவரி சரியில்லாதவர், அதை எப்படிப் பொய்யென்று நினைப்பார்? கேட்கிற தொகை அற்பமாயிருப்பதுதான் தூண்டில். அட்டையின் இலக்கங்களைக் கொடுத்த பிறகு போகிற தொகை அற்பமல்ல. வெளிநாட்டுப் பொதிக்குச் சுங்கத் தீர்வை இருந்தால் தபாலகத்திலிருந்து முறைப்படி கடதாசி அறிவித்தல் வரும் என்பதையும், கேட்காத இணைப்பில் அட்டையிலக்கம் கொடுக்கவேண்டாம் என்பதையும், வீட்டிலுள்ள முதியவர்களுக்கு ஒருமுறை சொல்லிவைப்பது உபகாரம்.

அந்த வீட்டுப் பெண்மணிக்கு நான் சொன்ன யோசனைகளும் பெரியவை அல்ல. ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் ஓடர் போட்டால், கடைசி வழியில் பையன் நாலு பொதியோடு வருவான். நாலு பொதி என்றால் அவன் சந்தியில் நிற்கமாட்டான். சிறிய சாமான் என்றால், தபாலில் அனுப்புகிற கடைக்காரரைத் தேடவேண்டும். தாமதமானாலும், உப தபாலதிபருக்கு ஊரில் யார் யார் எந்த வீட்டுக்காரர், யார் புத்தளத்துக்குப் போயிருக்கிறார், யாருடைய மகன் கட்டாரிலிருக்கிறான் என்பதெல்லாம் தெரியும். எந்தச் செயலியிலும் அந்த அறிவு இல்லை. பெறுமதியான பொருளைப் பதிவுத் தபாலில் கேட்க வேண்டும். நஷ்டமானால் பதிவில்லாத பொதிக்குப் பேச இடமில்லை. "சரி சேர்" என்று கேட்டுக்கொண்ட அவர், கடைசியில், "பஸ்ஸில போடுறதுதான் லேசு" என்று சொல்லிவிட்டார். மன்னார்ப் பக்கத்தில் எந்தத் தபாற் சட்டத்திலும் எழுதப்படாத மூன்றாவது தபால் அது. சாமானைக் கண்டக்டரிடம் கொடுத்து, ஒரு நோட்டைக் கையில் வைத்து, இறங்கும் இடத்தையும் வாங்குபவரின் பெயரையும் சொல்லிவிட்டால் போதும். ரசீதுமில்லை, ட்ராக்கிங் நம்பருமில்லை. முருங்கன் பொபின் கேஸ் அப்படித்தான் வந்தது. நான் விசாரித்த அளவில், பஸ்ஸில் தொலைந்ததாக எவரும் சொல்லவில்லை. பெண்களுக்கான செருப்பு ஒன்று இரண்டு நாள் பஸ்ஸிலேயே சுற்றி வந்த கதை மட்டும் உண்டு.

புறப்படுகிற அன்று காலை, பஸ்ஸுக்குக் காத்திருந்த கடையில் ஒரு காட்சி கண்டேன். கடைக்காரர், அரிசி மூட்டைக்கும் சோடாப் பெட்டிக்கும் நடுவே, ஒரு பழைய பிஸ்கற் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஐந்தாறு பொதிகளை அடுக்கியிருந்தார். சந்திக்கு வரும் கூரியர்ப் பையன்கள், எல்லாரையும் தேடுவதைவிட, ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போவது லேசென்று கண்டிருக்கிறார்கள். கூலியில் அவருக்கு ஒரு சதமும் இல்லை. வருகிறவர்கள் ஒரு சோப்போ சீனியோ வாங்கிப் போவார்கள், அதுவே கூலி. ஒற்றை ரூல் கொப்பி ஒன்றில், பெயர், வாப்பாவின் பெயர், கொடுத்த நாள், காசு கொடுத்தாரா இல்லையா என்பதெல்லாம் நீலப் பேனையில் எழுதியிருந்தார். வீட்டிலக்கம் என்ற நிரல் இல்லை. எல்லாப் பொதியும் கொடுபட்ட பின்னும் ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அதன்மேல் எழுதியிருந்த இலக்கத்துக்கு அவர் இரண்டு முறை கோல் எடுத்தும் பதிலில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "இவங்க கல்யாண வீட்டுக்குப் புத்தளம் போயிட்டாங்க. வாற திங்கள் தான்" என்றார், எனக்கல்ல, தமக்கே சொல்வதுபோல. பிறகு பொதியை எடுத்து, மழை தூறினால் நனையாதபடி, அரிசி மூட்டைக்கு உள்பக்கமாக வைத்து, அதன்மேல் ஒரு வெறும் சாக்கை மடித்துப் போட்டார்.